எஞ்சின் விலை பாதிக் கணக்குதான்

பழைய காருக்குப் புது எஞ்சின் மாற்றுவது பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். “பெட்டியில் வரும் கிரேட் எஞ்சினை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது” என்று அதில் இருக்கிறது. கிரேட் (crate) எஞ்சின் என்றால் முழுசாகப் பூட்டி, மரப்பெட்டியில் அடைத்து விற்கும் எஞ்சின். மாட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கேதான் வேலையே ஆரம்பம்.

என்னிடம் 1972 செவர்லே நோவா இருக்கிறது. அதில் செவர்லேயின் எல்எஸ்3 என்ற வி8 எஞ்சினைப் போட்டேன்: 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன். வண்டியோ கார்புரேட்டர் காலத்தது, புது எஞ்சினோ பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வகை. அதனால் பெட்ரோல் டேங்குக்குள் புது பம்ப், 58 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் லைன், பெரிய ரேடியேட்டர், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு (ஆயில் பான்), எக்ஸாஸ்ட் என்று செலவு நீண்டுகொண்டே போனது. முன்சக்கரத்தில் டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு இந்த எஞ்சினை ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். டிஸ்க் மாற்றிய பிறகுதான் சாவியையே தொட்டேன்.

அப்புறம் ஆசை விடவில்லை, பெரிய கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டேன். ஐடிலில் அந்தக் குலுங்கல் சத்தம் கேட்க அமிர்தம்! ஆனால் எஞ்சின் உறிஞ்சும் வேக்குவம் குறைந்து, அதை வைத்து வேலை செய்யும் பிரேக் பூஸ்டர் சரியாக உதவாமல் பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. சிக்னலில் நிற்கும்போது வண்டி தானாக முன்னே இழுக்கும். இதைச் சரிசெய்ய, எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியரையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரை அதிக ஸ்டால் (எஞ்சின் கூடுதல் வேகத்தில் சுற்றினால்தான் வண்டியைப் பலமாக இழுக்கும்) வகைக்கு மாற்ற வேண்டும், எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவை மறுபடி ட்யூன் செய்ய வேண்டும். ஒரு வருடம் பொறுத்துவிட்டுப் பழைய கேமையே திரும்பப் போட்டேன். மனைவி இப்போதுதான் அதில் ஏறுகிறாள்.

கலிபோர்னியாக்காரர்கள் புகை விதியையும் பார்க்க வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு செவர்லே கொண்டுவந்த ‘ஈ-ராட்’ எஞ்சின் தொகுப்பு அந்த விதியை மனதில் வைத்தே வந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?