சாப்பிட்டால் என்ன ஆகும்?

எனக்கு சீலியாக் என்ற குடல் நோய் இருக்கிறது என்று சொன்னதும் அநேகமாக எல்லோரும் கேட்பது இதுதான்: "கோதுமை சாப்பிட்டா என்ன ஆகும்?" கேட்பவர் முகத்தில் ஒரு ஆவல் தெரியும். மூச்சு அடைக்கும், முகம் வீங்கும், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று ஏதாவது சொன்னால் உடனே நம்பிவிடுவார்கள். என்னிடம் இருக்கும் பதிலோ சப்பென்று இருக்கும். சில நேரம் வயிறு உப்பி, வயிற்றால் போய், அப்புறம் ரெண்டு நாளைக்குத் தலை மந்தமாக இருக்கும். சில நேரம் ஒன்றுமே ஆகாது.

அந்த "ஒன்றுமே ஆகாது" வாயைவிட்டு வந்ததோ இல்லையோ, என் கட்சி தோற்றுவிடும். "அப்ப ஒரு வாய் சாப்பிட்டா என்னவாம்?"

இந்த நோயில் மற்ற சிரமங்களுக்கெல்லாம் பழகிவிட்டேன். இதை மட்டும்தான் இன்னும் யாருக்கும் சரியாகப் புரியவைக்க முடியவில்லை. சாப்பிட்ட பிறகு உடம்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்து, சாப்பிட்டது சரியா தப்பா என்று சீலியாக்கில் முடிவு செய்ய முடியாது.

சிறுகுடலின் உட்சுவர் முழுக்கக் குடலுறிஞ்சிகள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது. சாப்பாட்டிலுள்ள இரும்பு, கால்சியம், ஃபோலேட் எல்லாம் உடம்பில் சேர்வது அவை வழியாகத்தான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் புரதம் முழுசாகச் செரிப்பதில்லை. யாருக்குமே செரிப்பதில்லை, மற்றவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. எங்களுக்கோ, செரிக்காமல் மிஞ்சிய துணுக்குகளைப் பார்த்ததும் நோய் எதிர்ப்பு மண்டலம் கிளம்பி, கையோடு சொந்தக் குடலையும் தாக்க ஆரம்பித்துவிடும். குடலுறிஞ்சிகள் தேய்ந்து தேய்ந்து கடைசியில் தட்டையாகிவிடும். தேயும்போது வலித்தாலாவது பரவாயில்லை. பலருக்கு வலிப்பதே இல்லை.

அதனால்தான் நிறைய பேருக்கு இந்த நோய் வயிற்றை வைத்துப் பிடிபடுவதில்லை. ஆறாமல் வந்துகொண்டே இருக்கும் வாய்ப்புண், முழங்கையிலும் முழங்காலிலும் அரிக்கும் கொப்புளம், வயதுக்கு மீறிய எலும்புத் தேய்மானம், குழந்தை தங்காமல் போவது என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் குடல் டாக்டரிடம் வந்து சேர்வார்கள். எனக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். "விழுங்குற மாத்திரையெல்லாம் எங்கதாம்மா போகுது?" என்று ஒரு டாக்டர் சலித்துக்கொண்டு, அதே சலிப்போடு சீலியாக் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

காரணம் கண்முன்னாலேயே இருந்தும் மருத்துவ உலகத்துக்கே இது பிடிபட ரொம்ப காலம் ஆனது. 1888-லேயே சாமுவேல் ஜீ என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த நோயை விவரித்து, இதற்குத் தீர்வு இருந்தால் அது உணவில்தான் இருக்கும் என்று எழுதிவிட்டார். எந்த உணவு என்பதுதான் தெரியவில்லை. 1920-களில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் தேறினார்கள், வாழைப்பழத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பத்தியத்தில் ரொட்டி இல்லாததுதான் விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வில்லெம்-காரெல் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவருக்குக் கோதுமைமேல் முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரால் நெதர்லாந்தில் ரொட்டிக்கே பஞ்சம் வந்தது. ஊரே பட்டினியில் வாட, சீலியாக் குழந்தைகளின் நோய் மட்டும் தணிந்தது. ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. 1950-ல் அவர் தன் ஆய்வேட்டை வெளியிட்டார். தினமும் தின்னும் பொருள் தினமும் செய்யும் கெடுதலைக் கண்டுகொள்ள, அந்தப் பொருளே நாட்டில் இல்லாமல் போக வேண்டியிருந்தது. அப்படியிருக்க, விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது புரியவில்லை என்று நான் கோபப்படுவதில் நியாயமில்லைதான். ஆனாலும் கோபம் வருகிறது.

சரி, "ஒரு வாய்" என்றால் எவ்வளவு? 2007-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. கடுமையாகப் பத்தியம் இருந்த சீலியாக்காரர்களில் ஒரு பிரிவினருக்குத் தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் என்று 90 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய குடலுறிஞ்சிகள் தேய ஆரம்பித்திருந்தன. ஒரு துண்டு ரொட்டியில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதை நாற்பதாகப் பிய்த்தால் வரும் துணுக்குதான் அந்த 50 மில்லிகிராம். பொட்டலத்தில் "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். இந்த அளவையெல்லாம் நாக்கும் கண்டுபிடிக்காது, வயிறும் கண்டுபிடிக்காது.

அதனால் வீட்டில் நான் சட்டதிட்டம் வைத்துக்கொண்டுதான் வாழ வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டு வெண்ணெய் டப்பாவைத் திறந்து பாருங்கள். ரொட்டியில் தடவிய கத்தி மறுபடி டப்பாவுக்குள் போயிருக்கும். மஞ்சள் வெண்ணெயின்மேல் ஊசிமுனை அளவில் பழுப்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். மற்றவர்கள் கண்ணுக்கு அது வெண்ணெய். என் கண்ணுக்கு அந்தத் துகள் மட்டும்தான் தெரியும். எனவே எனக்குத் தனி டப்பா. ஜாமுக்கும் அதே கதை. டோஸ்டர் தனி, சல்லடை தனி, மரக்கரண்டியும் தனி. பாத்திரத்தை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும், சல்லடைக் கண்ணிலும் மரத்தின் வெடிப்பிலும் சிக்கிய மாவுதான் போகாது. சூட்டில் எல்லாம் செத்துவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். குளூட்டன் கிருமி இல்லையே சாவதற்கு! எண்ணெயில் பொரித்தாலும் ஃப்ரீசரில் உறைய வைத்தாலும் அது அப்படியே இருக்கும்.

வெளியே சாப்பிடுவது இன்னொரு கூத்து. ஒரு உணவகத்தில் சூப் வாங்கினேன், மேலே வறுத்த ரொட்டித் துண்டுகள் மிதந்தன. எனக்கு ஆகாது என்று சொன்னதும் பரிமாறிய தம்பி பணிவாகக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அதே கிண்ணம், அதே சூப், ரொட்டி மட்டும் காணோம். ஓரத்தில் ஒரு பொடித்துணுக்கு ஊறிப் பெருத்துக் கிடந்தது. அந்தத் தம்பிமேல் தப்பு சொல்ல மாட்டேன். பிடிக்காதவர்களுக்கு எடுத்துவிட்டுக் கொடுத்தால் போதும் என்றுதான் அவருக்குப் பழக்கம். அதற்கப்புறம் நான் "குளூட்டன் இருக்கா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "இதைக் கெட்டியாக்க மாவு போடுவீங்களா? இதே எண்ணெயில வேற என்ன பொரிப்பீங்க? சோயா சாஸ் ஊத்துவீங்களா?" என்று கேட்கிறேன். சமையல் ஆட்களுக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியும். சோயா சாஸில் கோதுமை இருப்பது சாப்பிடுகிறவர்கள் பலருக்குத் தெரியாது. அதேபோல "கோதுமை சேர்க்கப்படவில்லை" என்று எழுதிய பாக்கெட்டை நம்பியும் வாங்க முடியாது. உள்ளே பார்லி மால்ட் இருக்கலாம்.

எனக்கு நேர் எதிரான நிலையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பும், தலை வலிக்கும், அசதியாக இருக்கும். ஆனால் ரத்தத்தில் சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் இருக்காது, குடலும் நன்றாகவே இருக்கும். குளூட்டன் ஒவ்வாமல் போகிற இந்த நிலையை உறுதிசெய்ய இன்னும் ஒரு பரிசோதனை கிடையாது. எனவே "எல்லாம் உன் மனசுதான்" என்ற பேச்சை அவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தொந்தரவு தருவது குளூட்டனே இல்லை, கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட்தான் என்று 2018-ல் நார்வேயில் நடந்த ஒரு ஆய்வு சொன்னது. வெங்காயத்திலும் பூண்டிலும்கூட அது இருக்கிறது. எதுவாக இருந்தாலும் வலி நிஜம். அவர்களுக்கு உடம்பு சொல்வதைத் தவிர வேறு சாட்சி இல்லை, எனக்கோ அந்த ஒரு சாட்சிதான் செல்லாது. இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்து "இப்ப எல்லாருக்கும் குளூட்டன் ஃபேஷனாப் போச்சு" என்று சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஃபேஷனுக்காக விடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வாங்குவதால்தான் கடையில் எனக்கும் நாலு பொருள் கிடைக்கிறது. அந்தப் பொருட்களில் பலவற்றில் நார்ச்சத்து குறைவு, சர்க்கரையும் கொழுப்பும் அதிகம் என்பது வேறு விஷயம். அதை ஆரோக்கியம் என்று நினைத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

ஆனால் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்பேன். சந்தேகம் வந்தால் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். "ரெண்டு மாசம் விட்டுப் பாரேன்" என்று நல்லெண்ணத்தில் யோசனை சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். விட்டுவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறையும், குடல் ஆற ஆரம்பிக்கும், பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிடும். அப்புறம் உறுதிசெய்துகொள்ள வாரக்கணக்கில் மறுபடி கோதுமை தின்ன வேண்டும். உடம்பு தேறிய பிறகு அதைச் செய்ய யாருக்கு மனசு வரும்? மரபணுப் பரிசோதனை இதற்குப் பெரிதாகக் கைகொடுக்காது. சீலியாக் வர வேண்டுமென்றால் அதற்கான மரபணு இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 100 பேரில் 30, 40 பேரிடம் அது இருக்கிறது, நோய் வருவது ஏறக்குறைய ஒருவருக்கு. இல்லை என்று உறுதி சொல்லத்தான் அது உதவும்.

பத்தியம் தொடங்கிச் சில வாரத்தில் உடம்பு லேசாகிவிடும். அதுவும் ஏமாற்றுதான். பெரியவர்களுக்குக் குடல் முழுசாக ஆற ஒன்றிரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ரத்தப் பரிசோதனை சரியாக வந்த பிறகும் உள்ளே ஆறாமல் இருப்பதுண்டு. பத்தியத்துக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ள இதுவரை மருந்து கிடையாது. விருந்துக்கு முன்னால் போட்டுக்கொண்டால் போதும் என்று விற்கும் என்சைம் மாத்திரைகளை நம்பி ரொட்டியில் கைவைக்க முடியாது.

அறிகுறிக்காகக் காத்திருப்பதில் பிரயோசனமில்லை என்பதை ஒரு நாடாவது ஏற்றுக்கொண்டிருக்கிறது. குழந்தைகளுக்கு சீலியாக்கும் முதல் வகை சர்க்கரை நோயும் இருக்கிறதா என்று பார்க்க இத்தாலி 2023-ல் சட்டமே போட்டது. நோய் தெரிகிறதோ இல்லையோ, எல்லாக் குழந்தைகளுக்கும்.

என் தம்பியிடம் இதைச் சொன்னேன். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று நெருங்கிய ரத்த சொந்தத்தில் பத்தில் ஒருவருக்கு சீலியாக் இருக்க வாய்ப்புண்டு என்பதால், அவனையும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையேக்கா, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறான். என்னோடு வளர்ந்தவன், என் எண்டோஸ்கோப்பிக்குத் துணைக்கு வந்தவன், அவனே இப்படி. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் அடுத்த மாதம் போகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். எனக்குத் துணையாகத் தானும் இந்த மாதத்திலிருந்து ரொட்டியை விடப் போவதாக வேறு சொன்னான். போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை தயவுசெய்து தின்னுடா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.