புது ஸ்கோர் இருக்கட்டும், முதலில் மூச்சை எண்ணுங்கள்

விபத்துப் பிரிவின் பழைய கேஸ் ஷீட்டுகளை ஒரு கட்டு எடுத்து, மூச்சு எண்ணிக்கை எழுதும் கட்டத்தை மட்டும் புரட்டிப் பாருங்கள். 18, 20, 20, 18, 22, 20. விலா எலும்புகள் நொறுங்கி வந்தவருக்கும் 20, கணுக்கால் சுளுக்கி வந்தவருக்கும் 20. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினாலும் இரட்டைப்படைதான் வரும், சரி. ஆனால் அப்படி எண்ணியிருந்தால் நடுவே 12, 28, 36 எல்லாம் தலைகாட்ட வேண்டுமே? பெரும்பாலும் யாரும் எண்ணுவதில்லை. ஆள் மூச்சு விடுகிறார் என்று தெரிந்ததும் பேனா தானாக 20 எழுதிவிடுகிறது.

இந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டுதான் படுகாயமடைந்தவர் பிழைப்பாரா என்று கணிக்க வருடா வருடம் புதுப்புது ஸ்கோர்கள் வருகின்றன. இப்போது மெஷின் லேர்னிங்கும் சேர்ந்துவிட்டது. எனக்கு இதில் பெரிய உற்சாகம் இல்லை.

பழைய ஸ்கோர்களைப் போட்டவர்கள் ஒன்றும் சாதாரணமாகப் போடவில்லை. நோயாளிக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று அளக்க 1974இல் டீஸ்டேலும் ஜென்னட்டும் கொண்டுவந்த கிளாஸ்கோ கோமா ஸ்கேலுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கைகால் அசைக்கிறாரா, அவ்வளவுதான். 3 முதல் 15 வரை மதிப்பெண், கூடினால் நல்லது. அதே வருடம் சூசன் பேக்கர் குழுவினர் காயத்தின் கடுமையை அளக்க ஐஎஸ்எஸ் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை மதிப்பு, 6தான் மிக மோசம். உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மோசமாக அடிபட்ட மூன்று பகுதிகளின் மதிப்பை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பகுதிக்கு ஒரு காயம்தான் கணக்கு. தொடை எலும்பு முறிவுக்கு மதிப்பு 3. அதனால் ஒரு தொடை எலும்பு முறிந்தாலும் 9, இரண்டு தொடையும் முறிந்தாலும் 9. இதைச் சரிசெய்ய 1997இல் வந்த புதிய ஐஎஸ்எஸ், எந்தப் பகுதியானாலும் மோசமான மூன்று காயங்களை எடுத்துக்கொண்டது. அதில் இரண்டு தொடைக்கு 18. அப்புறம், மதிப்பு 5 உள்ள ஒரே காயமும் 25; 4ம் 3ம் சேர்ந்தாலும் 25. இருவருக்கும் ஆபத்து ஒன்றுதான் என்று எந்த சர்ஜனும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஐஎஸ்எஸ் முழுதாகத் தெரிய ஸ்கேன் முடிய வேண்டும், சில சமயம் வயிற்றையே திறந்து பார்க்க வேண்டும். வாசலில் ஆள் வந்து இறங்கும்போது அதனால் பயன் இல்லை. மருத்துவமனை எப்படி வேலை செய்கிறது என்று பின்னால் உட்கார்ந்து தணிக்கை செய்ய அது நல்ல கருவி. யாரை முதலில் உள்ளே கொண்டுபோவது என்பது வேறு கேள்வி. ஒரே ஸ்கோரை இரண்டுக்கும் விற்கப் பார்க்கிறார்கள்.

வாசலுக்கென்று இருப்பது 1989இல் திருத்தி வந்த ஆர்டிஎஸ்: கிளாஸ்கோ மதிப்பெண், ரத்த அழுத்தம், மூச்சு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, கூடினால் நல்லது; அதை ஒரு எடையால் பெருக்கிக் கூட்டுவார்கள். இதில் மூச்சுக்குக் கொடுத்த எடை 0.2908, கிளாஸ்கோவுக்கு 0.9368. மூச்சு அவ்வளவு அற்பமா? அரைகுறையாக அளந்த எந்த விஷயமும் கணக்கில் பலவீனமாகத்தான் தெரியும். இதில் அதற்கும் ஒரு பங்கு இருக்குமோ என்பது என் சந்தேகம். 10 முதல் 29 வரை எல்லாவற்றுக்கும் ஒரே 4 புள்ளி என்பதால் குத்துமதிப்பு 20 பல நேரம் மாட்டிக்கொள்வதில்லை. 34 மூச்சு விடுகிறவருக்கு 20 எழுதும்போதுதான் ஒரு புள்ளி சும்மா கூடிவிடுகிறது. ஜப்பானில் 2011இல் வந்த காப் ஸ்கோர் மூச்சையே விட்டுவிட்டு கிளாஸ்கோ, வயது, ரத்த அழுத்தம் மூன்றோடு நிறுத்திக்கொண்டது. நேர்மையான வழி என்றே சொல்வேன்.

புதிதாகப் போடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இறந்தவர்களின் எண்ணிக்கை. 300 பேர் தரவு, அதில் 30 மரணம் என்று வையுங்கள். அதில் பதினைந்து காரணிகளைத் திணித்தால் அந்த 30 பேரை மாடல் மனப்பாடம் செய்துவிடும். அடுத்த மருத்துவமனையில் போட்டால் படுத்துவிடும். இதோடு கட்டம் காலியாக உள்ள கேஸ் ஷீட்டுகளை ஒதுக்கிவிடும் வழக்கம் வேறு. யாருடைய கட்டம் காலியாக இருக்கும்? வந்த வேகத்தில் இறந்துபோனவருடையது. எழுத யாருக்கும் நேரம் இருந்திருக்காது. அவரை நீக்கிவிட்டு மரணத்தைக் கணிக்கிறோம்!

இறந்தவரையும் பிழைத்தவரையும் மாடல் எவ்வளவு சரியாக வரிசைப்படுத்துகிறது என்று காட்டும் ஏயுசி 0.9 வந்துவிட்டது (1 என்றால் முழுச் சரி) என்று ஸ்லைடு போடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் மாடல் '20 சதவீதம் ஆபத்து' என்று சொன்ன நூறு பேரில் உண்மையில் இறந்தது எத்தனை பேர்? இருபதுக்குப் பக்கத்தில் வந்தால் பேசலாம். நாற்பது என்றால் வரிசைப்படுத்தத்தான் தெரிகிறது, அளக்கத் தெரியவில்லை. ஆர்டிஎஸ், ஐஎஸ்எஸ், வயது எல்லாம் சேர்த்துப் பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்கும் ட்ரிஸ் 1987இல் வட அமெரிக்கத் தரவில் பிறந்தது. ஆம்புலன்ஸ் வரும் நேரமும் ரத்தம் கிடைக்கும் நேரமும் வேறாக உள்ள இடத்தில் அதன் எண்கள் பிசகத்தான் செய்யும். அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உள்ளூர்த் தரவை வைத்து எடைகளை மறுபடி பொருத்தினால் போதும்.

'அதில் புதுமை இல்லையே, யார் பேப்பர் போடுவார்கள்' என்று கேட்பீர்கள். போட மாட்டார்கள்தான். அந்த உழைப்பில் பாதியை, இரவு ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு முழு நிமிடம் எண்ண நேரம் கிடைக்கும்படி ஆள் போடுவதில் செலவிடலாம் என்பது என் கட்சி. அப்புறம் எந்த ஸ்கோர் வேண்டுமானாலும் போடுங்கள், நானே கணக்குக்கு உட்காருகிறேன்.