45 கேட்ச் மட்டுமே கணக்கல்ல

அமெரிக்கக் கால்பந்து அணியான மின்னசோட்டா வைக்கிங்ஸ், டிராஃப்ட் எனும் புதிய வீரர் தேர்வின் முதல் சுற்றில் எடுத்த ரிசீவருக்கு (வீசும் பந்தைப் பிடிப்பவர்) 45 கேட்ச், 469 யார்டு போதாது என்று கார்டரெல் பேட்டர்சனின் 2013 முதல் சீசனை ஒரு கட்டுரை எடைபோடுகிறது. எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடும் கிக்ஆஃப் ரிட்டர்னையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 43 ரிட்டர்ன், சராசரி 32.4 யார்டு, இரண்டு டச்டவுன் (பந்துடன் எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது).

கிரீன் பே அணிக்கு எதிரான 109 யார்டு ரிட்டர்ன் ஓட்டத்தையே எடுங்கள். கோல் கோட்டுக்குப் பின்னுள்ள எண்ட் சோனின் ஆழம் 10 யார்டுதான்; அவர் பந்தைப் பிடித்தது ஏறத்தாழ 9 யார்டு உள்ளே. ஆகவே, கோல் கோட்டிலிருந்து கோல் கோடு வரையிலான 100 யார்டையும் சேர்த்தால், இந்த நீளச் சாதனையை இனி சமன் செய்யலாம், முறியடிக்க முடியாது. அங்கேயே முழங்கால் ஊன்றியிருந்தால், அன்றைய விதிப்படி பந்து 20 யார்டு கோட்டுக்கு வந்திருக்கும். அதாவது வெளியே ஓடுபவர் 29 யார்டு கடந்தால்தான் நட்டமில்லை. நின்ற இடத்தில் பந்தைப் பிடித்தால் வேகம் எடுப்பதற்குள் அவரை மறிக்க ஓடிவரும் எதிரணியின் கவரேஜ் ஆட்கள் இடைவெளியை அடைத்துவிடுவார்கள். இரண்டு எட்டு பின்னால் நின்று, முன்னேறிக்கொண்டே பிடிப்பதுதான் சரி. பக்கவாட்டில் ஆடி நேரம் கடத்தவும் கூடாது.

ரிசீவராக பேட்டர்சனுக்கிருந்த குறை ரூட் ஓட்டத்தில், அதாவது திட்டமிட்ட பாதையில் துல்லியமாக ஓடுவதில். டென்னசி பல்கலைக்கழக அணியில் ஒரே சீசன் ஆடிவிட்டு வந்தவருக்கு அது இயல்பு. அதனால் பந்தை நேரடியாகக் கையில் கொடுப்பதே நல்ல வழி. வைக்கிங்ஸின் பழைய மைதானமான மெட்ரோடோமில் நடந்த அணியின் கடைசி ஆட்டத்தில், டெட்ராய்டுக்கு எதிராக, 50 யார்டு ஓடி ஒரு டச்டவுன், கேட்ச் பிடித்து இன்னொன்று. வைக்கிங்ஸ் எடுத்த 14 புள்ளிகளுக்கும் அடித்தளம் அவர்தான்.