தகப்பன் சொன்னதும் பிள்ளை கண்டதும்

பிள்ளைகளுக்குப் பொருளைவிட ஞானத்தைத் தேடி வைப்பதே மேலான ஆவிக்குரிய சொத்து என்று வேதாகமத்தின் நீதிமொழிகள் நூலின் 4-ஆம் அதிகாரத்தைக் கொண்டு ஒரு கட்டுரையாளர் விளக்கியிருப்பதை முழு மனதுடன் ஏற்கிறேன். அங்கே சாலொமோன் ராஜா பிள்ளைகளுக்குத் தன் அறிவை மட்டும் முன்வைக்காமல், தான் சிறு பிள்ளையாக இருந்தபோது தன் தகப்பன் போதித்ததை எடுத்துச் சொல்வதால், மூன்று தலைமுறைகள் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பதுபோல் தோன்றுகிறது. அதே நூலின் 31-ஆம் அதிகாரத்தில் லேமுவேல் ராஜாவுக்குப் புத்தி சொல்பவர் அவருடைய தாய் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தச் சொத்து தானாகக் கைமாறுவதில்லை. அதே சாலொமோனின் மகன் ரெகொபெயாம், முதியோரின் ஆலோசனையைத் தள்ளிவிட்டுத் தன்னோடு வளர்ந்த வாலிபரின் பேச்சைக் கேட்டபோது ராஜ்யமே இரண்டாகப் பிளந்தது. தகப்பனும் முதிர்வயதில் தான் போதித்த வழியைவிட்டு விலகியிருந்தார் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. பிள்ளை சொல்லைக் கேட்பதற்கு முன்பே நடத்தையைப் பார்த்துவிடுகிறது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, காரணமின்றி என்னைக் கடிந்துகொண்ட அப்பா, அன்றிரவு என் படுக்கையருகே வந்து அமர்ந்து, "நான் பேசினது தப்புப்பா" என்று தலையைத் தடவினார். அவர் கற்பித்த வசனங்களில் பல மறந்துபோயின. அந்தக் கையின் சூடு இன்னும் நினைவிருக்கிறது.