மீன்பிடிக்கப் போகிற பிள்ளைக்கு எதற்கு வெளிநாட்டு மொழி என்று கேட்டவருக்கு

வெள்ளிக்கிழமை நம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கத் தேவையில்லை. காணொளி ஊரில் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. பள்ளி விட்ட பிறகு வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குச் சிங்களமும் அறபியும் பேசக் கற்றுக்கொடுக்க ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள் என்று தாய்மார்கள் கேட்டார்கள். சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர், "முதலில் தமிழை ஒழுங்காக எழுதட்டும், மீன்பிடிக்கப் போகிற பிள்ளைக்கு எதற்கு வெளிநாட்டு மொழி?" என்றார். சிலர் சிரித்தார்கள். கேட்ட அக்கா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஐயா, மீன்பிடிக்கப் போகிற பிள்ளைக்குத்தான் தேவை. தனுஷ்கோடியில் நிற்பவனுக்கு மதுரையைவிடத் தலைமன்னார் பக்கம். அரிச்சல்முனையில் நின்றால் இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று கைபேசிக்கே குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. அவ்வளவு அருகில் இருக்கும் நாட்டில் பேசப்படும் சிங்களத்தில் தண்ணீர் கேட்கக்கூட நம் பிள்ளைக்குத் தெரியாது என்பது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது என் அப்பா வேலை பார்த்த விசைப்படகைப் பிடித்து அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். முப்பத்துநான்கு நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது, மடித்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். முழுக்கச் சிங்களம், கீழே அப்பாவின் கையெழுத்து மட்டும் தமிழில். படகிலிருந்த பொருள்களின் பட்டியல் என்று சைகையில் காட்டினார்களாம், அவரும் போட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் ஓர் அக்கா அதை இரண்டு நிமிடத்தில் படித்துச் சொன்னார். எஞ்சின் இருக்கிறது, வலை இருக்கிறது, ஐஸ் பெட்டிகூட இருக்கிறது. ஜிபிஎஸ் கருவி இல்லை. இவ்வளவுதான் படகில் இருந்தது என்று என் அப்பா ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கருவியை அப்பாதான் எங்கோ விற்றுவிட்டார் என்று படகு முதலாளியான சம்மாட்டி கடைசிவரை நம்பினார். அதன் விலையை அப்பாவின் பங்கில் கழித்துக்கொண்டே இருந்தார். "ஒரு வரி படிக்கத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனே" என்று அன்று மாலை முழுவதும் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டு மொழியே படிக்காதவன் பேசுகிறான் என்று யாரும் சொல்ல வேண்டாம். மேல்நிலையில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் அள்ளலாம் என்று தனியார் பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள். 200-க்கு 191 வாங்கினேன். ஐந்து ஆண்டு வினாத்தாள்களை மனப்பாடம் செய்து வாங்கிய மதிப்பெண் அது. ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ஒரு வாக்கியம்கூட என்னால் பேச முடியாது. இரண்டு ஆண்டு தமிழையும் இழந்தேன். அதனால்தான் சொல்கிறேன்: மதிப்பெண் வேண்டாம், தேர்வு வேண்டாம், பேசுவதற்காகச் சொல்லிக்கொடுங்கள், அதுவும் நம் பிள்ளைக்கு நாளை தேவைப்படும் மொழியை.

தமிழுக்கு ஆபத்து என்கிறார்கள். பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் தலைவணங்கி ஏற்கிறேன். இது மும்மொழிக்கு நீ திறந்துவிடும் கொல்லைப்புற வாசல் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். 1968-இல் அண்ணா கொண்டுவந்த இருமொழிக் கொள்கையைத் தொட நான் யார்? விருப்பமுள்ள பிள்ளை மாலையில் வந்து உட்காரும் வகுப்பு இது. கைபேசிச் செயலி மொழிபெயர்த்துவிடும் என்பவர்களுக்கு ஒரே பதில்: பிடிபட்டதும் முதலில் வாங்கி வைத்துக்கொள்வது கைபேசியைத்தான்.

அறபியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடாச் சம்பளம் வராத தெரு இருக்கிறதா? சவூதியில் வேலை ஒப்பந்தத்துக்கு வேறு மொழி வடிவமும் இருந்து இரண்டும் முரண்பட்டால், அறபு வாசகமே செல்லும் என்பது அந்நாட்டுச் சட்டம். தமிழை அறபு எழுத்தில் எழுதி வாழ்ந்த கரை இது. இன்று ஓதத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தன் ஒப்பந்தத்தின் பொருள் தெரிவதில்லை.

என்னைக் காயப்படுத்திய கேள்வி வேறு. "நம் இனத்தை அழித்தவர்களின் மொழியையா படிக்கச் சொல்கிறாய்?" என்று என் சொந்த மச்சானே கேட்டார். 1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டு அங்குள்ள தமிழர்களை என்ன பாடு படுத்தினார்கள் என்பதை முகாமுக்கு வந்து இறங்கியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அந்த வலி இல்லை என்று சொல்ல எப்படி மனம் வந்தது? ஒரு மொழியைக் கழுத்தில் கைவைத்துத் திணிப்பதும், என் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகக் கற்பதும் ஒன்றாகிவிடுமா? அந்தக் காகிதத்தை எங்களுக்குப் படித்துச் சொன்ன அக்கா, அந்த மொழி பேசியவர்களால் வீடிழந்து வந்தவர். அவர் தயங்காமல் படித்தார். அம்மாவுக்கும் அக்காவுக்கும் அங்கேயும் இதே சொல்தான், தாத்தா என்றால் மட்டும் அப்பா என்று பொருள் என்று என் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

போர்த்துக்கீசியப் பாதிரியார் என்றிகே என்றிக்கசு முத்துக்குளித்துறைக்கு வந்து, நம் கரைக்காரர்களிடம் தமிழைக் கேட்டுப் படித்தார். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூலே அச்சிட்டார். நாம் விடியற்காலையில் மீனை ஏலம் விடுகிறோமே, அந்த 'ஏலம்' அவர்கள் மொழிச் சொல்தான். வந்தவர்கள் எல்லாம் நம் மொழியைத் தங்கள் தேவைக்காகப் படித்தார்கள். நம் பிள்ளை தன் தேவைக்காகப் படிக்க நினைத்தால் மட்டும் சபையில் சிரிக்கிறார்கள்.

யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்றும் அன்று கேட்டார்கள். அறபிக்கு, பதினைந்து ஆண்டு சவூதியில் ஓட்டுநராக இருந்து திரும்பிய அண்ணன் ஒருவர் வருகிறார். சிங்களத்துக்கு முகாம் அக்கா சனிக்கிழமை நான்கு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வகுப்பறை கிடைக்காவிட்டால் வலை பின்னும் கொட்டகை இருக்கிறது, சம்மாட்டியின் மகனே சாவியைக் கொடுத்திருக்கிறார். நேற்று மாலைவரை பதினான்கு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதல் பெயர், அன்று தலைகுனிந்து உட்கார்ந்த அக்காவின் மகளுடையது.