காய்ச்சலில் படுத்துக்கிடப்பது சோம்பேறித்தனம் அல்ல

போன வாரம் மூன்று நாள் காய்ச்சல். இரண்டு போர்வைக்குள் பல் கிடுகிடுக்கக் கிடந்தேன். "ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு வேலையைப் பார்க்கலாமே" என்றார் ஒருவர். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு வலித்தது.

அந்த நடுக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிருமி உள்ளே வந்ததும் மூளை உடம்பின் வெப்ப இலக்கை 39 டிகிரி செல்சியஸ் போல ஏற்றிவிடுகிறது. உடம்போ இன்னும் 37இல்தான் நிற்கிறது. அதனால் குளிர்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து விரல்கள் சில்லிட்டுப் போகின்றன. தசைகள் உதறி உதறிச் சூடு உண்டாக்குகின்றன. ஒரு டிகிரி ஏறினாலே உடம்பின் ஆற்றல் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். இவ்வளவு செலவு வைக்கும் ஒன்றை உடம்பு சும்மா செய்யுமா?

1975இல் மேத்யூ க்ளூகர் என்ற விஞ்ஞானியின் குழுவினர் பாலைவன இகுவானா என்னும் பல்லிவகைப் பிராணிகளுக்குப் பாக்டீரியாவைச் செலுத்தி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். சூடான இடத்தில் இருந்தவை அதிகம் பிழைத்தன, குளிர்ந்த இடத்தில் இருந்தவை அதிகம் செத்தன. உடம்புக்குள்ளேயே சூடு உண்டாக்கத் தெரியாத பிராணி அது. நோய் வந்தால் தானாகவே வெயிலைத் தேடிப் போய்க் காய்ச்சலை வரவழைத்துக்கொள்கிறது!

எந்தத் தற்காப்பும் இலவசம் இல்லை. பல்லி வாலைக் கழற்றிப் போட்டு ஓடுகிறது. தரையில் அந்த வால் துடிக்கும்போது, பல்லி சேர்த்துவைத்த கொழுப்பும் அதோடு போகிறது. சில இனங்கள் ஆபத்து நீங்கியதும் திரும்பி வந்து தன் வாலையே தின்றுவிடும். புதிதாக முளைக்கும் வாலில் முள்ளெலும்பு இருக்காது, குருத்தெலும்புக் குழல் மட்டும்தான். தொட்டாற்சிணுங்கியும் அப்படியே. இலை மூடியிருக்கும் நேரமெல்லாம் அதற்கு வெளிச்சம் நஷ்டம்.

சரி, நம் கதைக்கு வருவோம். நோய்க்காலத்து அசதியும் தூக்கமும் கிருமி செய்த சேதம் மட்டும் அல்ல. நோயெதிர்ப்புச் செல்கள் மூளைக்கு அனுப்பும் சேதியும் அதில் உண்டு: நடக்காதே, படு, இருக்கும் ஆற்றலை இங்கே கொடு என்று. அந்த நேரத்தில் ஒருவரை எழுப்பி வேலை வாங்குவது கொடுமை என்றே நினைக்கிறேன். மருந்தே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. காய்ச்சல் மிகுந்தாலும் நீடித்தாலும் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் மாத்திரை சூட்டைத்தான் இறக்கும். சண்டை உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும்.

மூன்றாம் நாள் இரவு திடீரென வியர்த்துக் கொட்டியது. இலக்கு மறுபடி 37க்கு இறங்கிவிட்டது. போர்வையை உதறினேன். அப்புறம்தான் பசி எடுத்தது.