சுரங்கம் திறப்பதற்கு முந்தைய குளிர்காலம்

ராக்னர் யோனாசொன் எழுதிய 'ஸ்நோப்ளைண்ட்' நாவலைப் பற்றி நண்பர்கள் பலர் சொல்லும் குறை ஒன்றுதான். "ரொம்ப மெதுவாப் போகுது, பாதி புத்தகம் வரைக்கும் ஒண்ணுமே நடக்கல." எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. மெதுவாகப் போகிற அந்த முதல் பாதிதான் இந்தப் புத்தகத்துக்கு உயிர். கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை, இன்னும் படிக்காதவர்களும் தைரியமாகத் தொடரலாம்.

ஐஸ்லாந்தின் வடகோடியில் சிக்லுஃப்யொர்துர் என்று ஒரு சின்ன மீன்பிடி ஊர். ஏறக்குறைய 1,200 பேர். சுற்றிலும் செங்குத்தான மலைகள், ஒரு பக்கம் மட்டும் கடல். நவம்பர் நடுவில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் ஜனவரி கடைசியில்தான் மறுபடி ஊருக்குள் வரும். வந்த அன்று வீட்டுக்கு வீடு பான்கேக் சுட்டுக் கொண்டாடுவார்கள். கதை தொடங்குவது 2008இல். அந்த அக்டோபரில் ஒரே வாரத்தில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் கவிழ்ந்தன. இறையியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போலீஸ் பயிற்சிக்கு வந்த இளைஞன் ஆரி தோருக்கு, தலைநகரில் வேலை கிடைக்குமா என்பதே சந்தேகமாக இருக்கும் நேரத்தில், இந்த ஊரிலிருந்து அழைப்பு வருகிறது. கூட வாழும் காதலி கிறிஸ்டினிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிடுகிறான். போய்ச் சேர்கிறான். பனி கொட்ட ஆரம்பிக்கிறது.

அங்கே அவன் வெளியூர்க்காரன். இறையியல் படித்தவன் என்ற சேதி பரவி, ஊரே அவனைப் 'பாதிரியார்' என்று கூப்பிடுகிறது. அவனைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அவனுக்குத்தான் யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை. துப்பறிகிறவனை இப்படி ஒரு நிலையில் நிறுத்தியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரும்பாலான துப்பறியும் கதைகளில் விசாரிக்கிறவர் மற்றவர்களை அளந்துகொண்டே இருப்பார். இங்கே ஊர் இவனை அளக்கிறது.

அப்புறம் ஊர் நாடக மன்றத்தின் ஒத்திகை சமயத்தில், புகழ்பெற்ற வயதான எழுத்தாளர் ஒருவர் படியிலிருந்து விழுந்து இறந்துபோகிறார். சில நாளில், ஒரு பெண் பாதி உடையில், ரத்தம் வழிய, நினைவில்லாமல் பனியில் கிடக்கிறாள். நிலைய அதிகாரி தோமாஸ், எழுத்தாளர் தவறி விழுந்ததாக எழுதி முடித்துவிடவே விரும்புகிறார். இந்த இடத்தை ராக்னர் கையாண்டிருக்கும் விதம் அபாரம். தோமாஸ் லஞ்சம் வாங்குகிறவரோ சோம்பேறியோ அல்ல, நல்ல மனிதர். ஆனால் 1,200 பேர் உள்ள ஊரில் ஒரு சாவைக் கொலை என்று சொல்லிவிட்டால், சந்தேகப்படும் எல்லாரையும் அவர் மறுநாள் கடையில் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பார்க்க வேண்டும், இன்னும் முப்பது வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 'விபத்து' என்பது அங்கே கூடி வாழ்வதற்காக எல்லாரும் சேர்ந்து செய்துகொள்ளும் ஓர் ஏற்பாடு. முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை என்கிறவர்கள், இந்த ஏற்பாடு எப்படிக் கட்டப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

பனிச்சரிவில் ஊருக்குள் வரும் ஒரே சாலையும் அடைபடுகிறது. ராக்னர் பதினேழு வயதிலிருந்து அகதா கிறிஸ்டியை ஐஸ்லாந்து மொழிக்குக் கொண்டுவந்தவர், மொத்தம் 14 நாவல்கள். யாரும் வெளியேற முடியாத இடத்தில் கதாபாத்திரங்களை அடைத்துவைக்கும் உத்தி அவருக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் உத்தி என்று மட்டும் சொல்லி இதைக் குறைத்துவிட முடியாது. அவருடைய தாத்தா இந்த ஊரின் வரலாற்றை எழுதியவர். ஸ்ட்ராகர் மலையைக் குடைந்து 1967இல் சுரங்கப்பாதை போடும்வரை, குளிர்காலத்தில் இந்த ஊருக்குக் கடல் ஒன்றுதான் வழி. 1903இல் நார்வேக்காரர்கள் வந்து தொடங்கிவைத்த ஹெர்ரிங் மீன் தொழிலால், நூற்றாண்டின் நடுவில் மூவாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் இது. 1960களின் கடைசியில் மீன் வருவது நின்றுபோனது, ஜனங்களும் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். ஆரி தோர் ஒரு பெரிய பழைய வீட்டில் ஒற்றை ஆளாகப் படுத்துக் காற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களில் இதெல்லாம் சேர்ந்தே கனக்கிறது.

பனி மீதான பயத்தையும் அவர் செயற்கையாக ஊதிப் பெருக்கவில்லை. 1995இல் ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் இரண்டே ஊர்களில், ஜனவரியில் சூதாவிக்கிலும் அக்டோபரில் ஃப்ளாத்தேரியிலும், பனிச்சரிவு 34 உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் மலையடி ஊர்களில் பெரிய தடுப்பு மேடுகள் எழுந்தன. அந்த நாட்டு வாசகருக்கு 'சாலை அடைபட்டது' என்ற ஒரு வரி போதும், அடிவயிறு கலங்கும்.

நாவல் ஐஸ்லாந்து மொழியில் வெளியானது 2010. அதே ஆண்டு அக்டோபரில், பக்கத்து ஹெதின்ஸ்ஃப்யொர்துர் கடற்கழி வழியாக மொத்தம் சுமார் 11 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு புதிய சுரங்கப்பாதைகள் திறந்தன. கிழக்குப் பக்கமும் ஊருக்கு வழி பிறந்தது. அதாவது, இந்தக் கதை இப்படி நடந்திருக்கக்கூடிய கடைசிக் குளிர்காலங்களில் ஒன்றை ராக்னர் எழுதிவைத்திருக்கிறார். ரத்தமும் சதையுமாகப் பக்கத்துக்குப் பக்கம் பதறவைக்கும் வடதேசத்துத் திகில் கதைகள் நிறைய வந்துவிட்டன. ஓர் ஊரின் தனிமையை அது கலைவதற்கு முன்னால் இப்படிப் பிடித்துவைத்த துப்பறியும் நாவல்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. கிறிஸ்டின் பாவம், பெரும்பாலும் தொலைபேசியின் மறுமுனையில் ஒரு கோபமாகவே நின்றுவிடுகிறாள். அவளுக்கு இன்னும் நாலு நல்ல பக்கங்கள் கொடுத்திருக்கலாம். ஊரில் ஆளாளுக்கு ஒரு பழைய ரகசியம் இருப்பதும் கொஞ்சம் அதிகம்தான். கடைசியில் விளக்கங்கள் அவசரமாக வந்து விழுகின்றன. அத்தனை பொறுமையாக நடந்த கதைக்கு அந்த ஓட்டம் பொருந்தவில்லை.

க்வென்டின் பேட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் வந்தது, தடையில்லாமல் படிக்க முடிகிறது. படித்துப் பிடித்துப்போனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வரிசை ஆங்கிலத்தில் முன்பின்னாக வெளியானது. இரண்டாவதாக வந்த 'நைட்ப்ளைண்ட்' கதையில் பல வருஷங்கள் தாண்டிப் போய்விடுகிறது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, 2010 கோடையில் எரிமலைச் சாம்பலுக்கு நடுவே நடக்கும் 'பிளாக்அவுட்'டை அடுத்து எடுங்கள். ஆரி தோருக்கும் கிறிஸ்டினுக்கும் என்ன ஆனது என்பது அந்த வரிசையில் படித்தால்தான் சரியாகப் பிடிபடும்.